காது குத்துவதற்கு முன்

பாளையங்கோட்டை
ஆடி 10

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் நேற்று முன்தினம் வந்தது. ஆவணி இரண்டாம் வாரத்தில் பேரன் கவினுக்கு ஆண்டு நிறைவு என்பதையும், அன்றே சம்பந்தி வீட்டாரின் குலதெய்வக் கோவிலில் மொட்டையும் காது குத்தும் என்பதையும், மருமகனை மடியில் வைத்துக்கொள்வதற்காக உன் மகன் இப்போதே விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டான் என்பதையும் படித்து மகிழ்ந்தேன். நான் கட்டாயம் வருவேன். ஆனால் அழைப்புக்கு நடுவே, மூன்றாம் பக்கத்தில், சற்றுத் தயக்கத்தோடு ஒரு கேள்வியையும் நுழைத்திருக்கிறாய். 11 மாதம் நிறைந்த பிள்ளை இன்னும் தவழவில்லை, எதிர் வீட்டுக் குழந்தையோ அதே வயதில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது, இது எதற்கேனும் அறிகுறியா என்று கேட்டிருக்கிறாய். 31 ஆண்டுகள் கிராமச் சுகாதாரச் செவிலியராக ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளை எடை போட்டவள் என்ற உரிமையில் பதில் எழுதுகிறேன். நீ கேட்டதற்கு முதலில் பதில். நீ கேட்காத ஒன்றும் பின்னால் இருக்கிறது, அதைப் படிக்காமல் கடிதத்தை மடித்துவிடாதே.

முதலில் வயதுக் கணக்கைச் சரிசெய்துகொள்வோம். கவின் 33ஆம் வாரத்தில் பிறந்தவன். முழுக் கர்ப்ப காலம் 40 வாரம் என்று கொண்டால் 7 வாரம் முந்திக்கொண்டு வந்துவிட்டான். குறைமாதக் குழந்தைகளின் வளர்ச்சியைப் பார்க்கும்போது முந்தி வந்த வாரங்களைக் கழித்துவிட்டே பார்க்க வேண்டும். இதைத் திருத்திய வயது என்பார்கள், இரண்டு வயது வரையில் குழந்தை மருத்துவர்கள் இந்தக் கணக்கைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். (தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழித்தல் கிடையாது, அது பிறந்த நாளிலிருந்தே எண்ணப்படும்.) அப்படிப் பார்த்தால் உன் பேரனுக்கு இப்போது 9 மாதமும் சில நாட்களும்தான் ஆகின்றன. எதிர் வீட்டுக் குழந்தையை அவன் அருகில் நிறுத்தி அளப்பது, ஆறாம் வகுப்புப் பையனிடம் எட்டாம் வகுப்பு வினாத்தாளை நீட்டுவது போன்றது. ஆசிரியையான உனக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, தவழுதல். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006ஆம் ஆண்டில் ஒரு கணக்கை வெளியிட்டது. அதன்படி, நலமாக வளரும் குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழத் தொடங்கும் காலம் 5.2 மாதத்திலிருந்து 13.5 மாதம் வரை விரிந்து கிடக்கிறது. பிடிமானமில்லாமல் நடப்பதோ 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை. அந்தக் குழந்தைகளில் நூற்றுக்கு நான்கு பேர் முழங்காலிட்டுத் தவழவே இல்லை. சிலர் வயிற்றால் நீந்துவார்கள், சிலர் உட்கார்ந்தபடியே பிருஷ்டத்தால் நகர்ந்து நகர்ந்து வீடு முழுவதையும் சுற்றிவிட்டு, ஒரு நாள் நேராக எழுந்து நிற்பார்கள். அப்படி நகர்கிற பிள்ளைகள் நடப்பதற்குச் சற்றுத் தாமதமாகும். விசாரித்தால் அப்பாவோ சித்தப்பாவோ அப்படித்தான் நகர்ந்திருப்பார்கள். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல் தன் வளர்ச்சிப் படிநிலைப் பட்டியலைத் திருத்தியபோது தவழுதலைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது.

இதையெல்லாம் படித்தபோது, விடுதியில் நீ தேர்வுக்காகப் பிள்ளைத்தமிழ்ப் பருவங்களை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்த இரவுகள் நினைவுக்கு வந்தன. செவிலியர் பயிற்சியில் இருந்த எனக்குக் குழந்தை வளர்ச்சியின் முதல் பாடம் உன் வாய்வழியாகத்தான் கிடைத்தது. ஒரு காலை மடித்து, இரு கைகளையும் ஊன்றித் தலை தூக்கி அசையும் செங்கீரைக்கு 5ஆம் மாதம். கை கொட்டும் சப்பாணிக்கு 9ஆம் மாதம். நடந்து வரச் சொல்லும் வாரானைக்கு 12 என்று ஒரு கணக்கும் 13 என்று ஒரு கணக்கும் உண்டு என்று அன்று நீயே சலித்துக்கொண்டாய். கை கொட்டி விளையாடுவது இன்றைய மருத்துவப் பட்டியலிலும் முதலாண்டு நிறைவுக்குள் பார்க்க வேண்டியவற்றுள் ஒன்று. வீடு முழுக்கத் தவழ்ந்து திரிவதற்கென்று நம் புலவர்கள் தனிப் பருவம் எதையும் வைக்கவில்லை என்பதை இப்போதுதான் கவனித்தேன். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் நமக்குப் புதிதல்ல என்று உன் மாணவர்களிடம் நீ தாராளமாகப் பெருமை பேசலாம்.

ஆகவே கவின் துணையின்றி உட்காருகிறான், உருளுகிறான், கையைப் பிடித்தால் காலை ஊன்றி எழும்புகிறான் என்று நீ எழுதியிருப்பதே எனக்கு இப்போதைக்குப் போதும். இரண்டை மட்டும் கவனி. ஒரு கையை மட்டுமே எப்போதும் நீட்டுகிறானா, மற்றக் கையை மூடியே வைத்திருக்கிறானா என்று பார். இந்த வயதில் வலக்கை இடக்கைப் பழக்கம் வரக்கூடாது, வந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தூக்கும்போது கால்கள் விறைத்துக் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்கின்றனவா என்றும் பார். அவனை நடக்கவைப்பதற்காக உன் மருமகன் வாங்கி வைத்திருக்கும், உள்ளே உட்கார்ந்து உருளும் வாக்கரை மட்டும் பரணில் ஏற்றிவிடு. அதில் உட்காரும் குழந்தை நடக்கக் கற்பதில்லை. படியில் உருளுகிறது, அடுப்பருகே எட்டுகிறது. கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. நம் மர நடைவண்டி வேறு சாதி. பிள்ளை தானே எழுந்து நின்ற பிறகு பின்னால் நின்று தள்ளுவது அது. அதை நானே வாங்கி வருகிறேன், அவசரமில்லை.

இங்கே என் பேத்தி யாழினிக்கும் பதினொன்றரை மாதம் ஆகிறது. அவள் எட்டாம் மாதமே தவழ்ந்தாள் என்று என் மகன் எல்லோரிடமும் சொல்கிறான். எனக்கு அதில் பெரிய வியப்பில்லை. என்னை உட்காரவைத்துப் பார்க்கவைப்பவை வேறு. போன வாரம் என் மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் தலையணைக்கு அடியில் ஒளித்தேன்; உடனே புரட்டி எடுத்துவிட்டாள். இரண்டு மூன்று முறை அப்படிச் செய்துவிட்டு, பிறகு அவள் கண் முன்னாலேயே துண்டுக்கு அடியில் மாற்றி வைத்தேன். இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவள், கை நீட்டும்போது மறுபடியும் தலையணையைத்தான் புரட்டினாள்! சுவிட்சர்லாந்து அறிஞர் பியாஜே தன் சொந்தக் குழந்தைகளை வைத்தே கண்டு எழுதிய அதே தடுமாற்றம், பாளையங்கோட்டைத் திண்ணையில் அப்படியே நடக்கிறது. மறைந்த பொருள் இல்லாமல் போய்விடவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது; எங்கே இருக்கிறது என்பதில் மட்டும் பழக்கம் அறிவை முந்திக்கொள்கிறது. ஒவ்வொரு பொரியாகக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி எடுக்கிறாள் (கடலையை மட்டும் எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறேன், தொண்டையில் அடைத்தால் தீர்ந்தது). நேற்று டியூப் லைட்டுக்கு அருகே ஒட்டிக்கொண்டிருந்த பல்லியை விரல் நீட்டிச் சுட்டிவிட்டு, திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். பல்லி அவளுக்கு வேண்டியதில்லை. நானும் அதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பேச்சு என்பது அந்த விரலில்தான் தொடங்குகிறது என்று நான் நினைக்கிறேன்.

இந்த ஓராண்டுக்குள் காதுக்குள் நடப்பதோ கண்ணுக்குத் தெரிவதே இல்லை. கனடாவில் வெர்க்கர், டீஸ் என்ற இருவர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளரும் குழந்தைகள் ஆறேழு மாதத்தில் இந்தியின் த, ட ஒலிகளைப் பிரித்துணர்ந்தன. ஓராண்டு நெருங்குவதற்குள் அந்தத் திறன் பெரும்பாலும் மங்கிவிட்டது. எந்த மொழிக்கும் திறந்திருந்த காது, தன்னைச் சுற்றி ஒலிக்கும் மொழிக்கெனத் தன்னை வகுத்துக்கொள்கிறது. நம் பிள்ளைகள் ல, ள வேறுபாட்டையும் ந, ண வேறுபாட்டையும் வாயால் சொல்லப் பல ஆண்டுகள் ஆகலாம்; காதால் பிடித்துக்கொள்வதற்கான வேலையை இப்போதே தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு ஒன்று வேண்டும், செல்வி. ஒலி உள்ளே போக வேண்டும்.

இனி, நீ கேட்காததற்கு வருகிறேன். உன் கடிதத்தின் முதல் பக்கத்தில், 'பரம சமர்த்து, பக்கத்தில் மிக்சி ஓடினாலும் அசையாமல் தூங்குகிறான்' என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். இரண்டாம் பக்கத்தில், விளையாட்டில் மூழ்கிவிட்டால் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை, அவ்வளவு கவனம் என்று எழுதியிருக்கிறாய். வேறோர் இடத்தில் 'ஆ, ஊ என்று ஓயாமல் பேசுகிறான்' என்கிறாய். 'தத்தத்தா' என்றோ 'பப்பப்பா' என்றோ சொல்வதாக எங்கும் இல்லை. தனித்தனியே பார்த்தால் இவற்றில் எதுவும் பெரிதல்ல. நன்றாகக் காது கேட்கும் பிள்ளைகளும் மிக்சிச் சத்தத்தில் தூங்குவார்கள். திருத்திய வயதில் ஒன்பது மாதம்தான் என்று நானே மேலே எழுதியிருக்கிறேன். ஆனாலும் இந்த மூன்று வரிகளையும் ஒன்றாக வைத்துப் படித்த பிறகு எனக்கு இரவு தூக்கம் வரவில்லை.

காரணம் உனக்குத் தெரியாது. இதுவரை உன்னிடமும் சொன்னதில்லை. என் தங்கை மகன் 1993இல் பிறந்தான். ஒரு வயது ஆனபோதும் அவன் பெயர் சொன்னால் திரும்புவதில்லை என்று தங்கை என்னிடம்தான் கேட்டாள். நான் அவன் பின்னால் நின்று தட்டைக் கீழே போட்டேன், திரும்பினான். 'காது கேட்கிறது, ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும்' என்று சொல்லி அனுப்பிவிட்டேன். தட்டு விழுந்த அதிர்வைத் தரையிலிருந்து உடல் அறியும் என்பதும், காது கேளாத குழந்தையும் முதல் மாதங்களில் குரல் கொடுக்கும், சிரிக்கும், அதன் பிறகு வர வேண்டிய 'தத்தத்தா'தான் காலத்தில் வராது என்பதும் அன்று எனக்கு உறைக்கவில்லை. மூன்றரை வயதில்தான் உண்மை தெரிந்தது. அவன் இன்று நல்ல நிலையில் இருக்கிறான், கடைசல் பட்டறை வைத்திருக்கிறான், மனைவியோடு சைகையில் சண்டையும் போடுகிறான். என் தங்கை ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. நர்சம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிய வீடுகள் வேறு எத்தனையோ என்று மட்டும் நான் அவ்வப்போது எண்ணிப் பார்ப்பதுண்டு.

கவின் 18 நாட்கள் இன்குபேட்டரில் இருந்தவன். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நாட்களுக்கு மேல் இருந்த குழந்தைகளுக்குக் காது பாதிக்கப்படும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிடக் கூடுதல். அங்கே உயிர் காக்கக் கொடுக்கப்படும் சில கிருமிக்கொல்லி மருந்துகளும் சில வேளை காரணமாகலாம். மூன்று முறை சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் விழித்திரையைச் சோதித்தார்கள் என்று அப்போது நீ விரிவாக எழுதினாய். காதைப் பற்றி ஒரு வரியும் எழுதியதாக நினைவில்லை. அவனது மருத்துவமனைக் கோப்பை எடுத்து ஓ.ஏ.ஈ. என்றோ பெரா என்றோ ஒரு காதுச் சோதனைத் தாள் இருக்கிறதா என்று பார். ஓ.ஏ.ஈ. மட்டும் இருந்தால் போதாது. அது உட்செவியைத்தான் சோதிக்கும், செவியிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புப் பாதையைச் சோதிப்பது பெரா. இன்குபேட்டரில் நாள்பட இருந்த குழந்தைக்கு அதுதான் தேவை. குழந்தை தூங்கும்போது தலையில் பட்டைகளை ஒட்டி எடுப்பார்கள், ஊசியில்லை, வலியில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே கேட்டுப் பாருங்கள். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டங்களில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. உன் மகள் நித்யாவிடம் வழி விசாரித்துப் போகச் சொல். ஒரு வேளை குறை ஏதும் இருந்தால்கூட 1993க்கும் இன்றைக்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. செவிக் கருவியும் பயிற்சியும் சீக்கிரம் தொடங்கினால் பிள்ளை பேசும்.

நித்யாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று நீ தயங்குவாய். குறைமாதக் குழந்தைகளுக்கு ஓராண்டுக்குள் செய்துகொள்ளும் வழக்கமான பரிசோதனை என்று சொல். அது பொய்யும் அல்ல. காது குத்துக்கு நாள் பார்த்திருக்கிறீர்கள், அதற்கு முன் ஒரு நாள் இதற்கும் பார்த்துவிடுங்கள்.

அதுவரை நீ ஒன்று செய். அவன் கால் நீட்டி உட்கார்ந்து எதையாவது நோண்டிக்கொண்டிருக்கும் நேரத்தில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, உன் நிழல் அவன் மேல் விழாத பக்கமாக, தரை அதிராமல் நடந்து போய், இரண்டு முழம் பின்னால் நில். கை தட்டாதே, தட்டு எதையும் போடாதே. சாதாரணக் குரலில் 'கவின்' என்று ஒரு முறை கூப்பிட்டு, பத்து எண்ணும் வரை காத்திரு. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, மூன்று நாட்கள் செய்து பார்த்துவிட்டு, அவன் என்ன செய்தான் என்பதை உள்ளது உள்ளபடி எழுது. அவன் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தாலும் பெராவைத் தள்ளிப்போடாதே. இந்த ஒரு முறை மட்டும் கடிதத்துக்குக் காத்திருக்காமல் தொலைபேசியில் கூப்பிடு. நான் மதியம் தூங்குவதில்லை.

உன்,
வசந்தா