ஒளியிழை உணரி: வேகம் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

மாரடைப்பைச் சில நிமிடங்களில் காட்டும் ஒளியிழை உணரி (மெல்லிய இழை வழியே செல்லும் ஒளியைக் கொண்டு ரத்தத்தைச் சோதிக்கும் கருவி) பற்றித் தங்கள் இதழில் வெளியான செய்தி கண்டேன். தென்னாப்பிரிக்காவில் நம் மக்களிடையே இதயநோய் மிகுந்திருக்கையில் இது வரவேற்கத்தக்க முயற்சி. ஆனால் வேகத்தை மட்டும் பாராட்டுவது போதாது. இழையின் உறையை நீக்கி, தங்கம் பூசி, அதன் மேல் ட்ரோபோனினை (இதயத் தசை சிதையும்போது ரத்தத்தில் கசியும் புரதம்) பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைப் பதிக்கிறார்கள். ட்ரோபோனின் வந்து ஒட்டியதும் அங்கே ஒளிவிலகல் எண் (ஒளி எவ்வளவு வளைகிறது என்பதன் அளவு) மாறி, இழையில் உறிஞ்சப்படும் ஒளியின் அலைநீளம் சற்றே நகர்கிறது; இந்த நகர்வையே கருவி அளக்கிறது. சிக்கல் இங்கேதான். ஒரு மில்லிலிட்டர் ரத்தநீரில் ட்ரோபோனின் நானோகிராம் கணக்கில் இருக்க, எல்லோர் ரத்தத்திலும் உள்ள ஆல்புமின் என்ற புரதம் சுமார் 40 மில்லிகிராம் இருக்கிறது. அது படிந்தாலும் அலைநீளம் நகரும். டர்பன் கோடையில் வெப்பம் இரண்டு டிகிரி ஏறினாலும் நகரும். இந்தப் பொய் நகர்வைக் கழிக்க, எதிர்ப்பொருள் பூசாத ஒப்பீட்டு இழை ஒன்று பக்கத்திலேயே இருந்தாக வேண்டும்.

நெஞ்சுவலி தொடங்கிய ஒரு மணி நேரத்துக்குள் எடுத்த ரத்தத்தில் ட்ரோபோனின் இயல்பாகவும், மூன்று மணி நேரம் கழித்து எடுத்ததில் உயர்ந்தும் வருவது ஆய்வகத்தில் நாங்கள் வழக்கமாகக் காண்பது. கருவி எவ்வளவு விரைவானதாயினும் இந்த இடைவெளியை அதனால் குறைக்க இயலாது. எனவே டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதி மருத்துவ நிலையங்களுக்கு இதை வாங்குமுன், ஒரே ரத்த மாதிரியை உணரியிலும் ஆய்வகக் கருவியிலும் சோதித்து ஒப்பிட வேண்டும். இசிஜியையும் இரண்டாம் ரத்தப் பரிசோதனையையும் கைவிடக் கூடாது என்பதைக் கருவியோடு தரும் கையேட்டின் முதல் பக்கத்திலேயே அச்சிட வேண்டும்.

— ஆய்வகத் தொழில்நுட்பர், சாட்ஸ்வொர்த், டர்பன்