பலூன் உள்ளே இல்லை மாப்ள

மதுரை
ஞாயிறு, மத்தியானம்

அன்புள்ள மாப்ள முத்தையாவுக்கு,

என் இதய ரத்தக்குழாய் அடைப்புக்குச் செய்த வைத்தியத்தைப் பற்றி அன்றைக்குப் போனில் நீ கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. பேத்தி மடியில் ஏறிக்கொண்டு போனைப் பிடுங்கிவிட்டாள். "ஸ்டென்ட் வைக்காமல் பலூனோடு விட்டுவிட்டார்களாமே, அது உள்ளேயே கிடக்குமா?" என்றாய். ஸ்டென்ட் என்கிற கம்பிவலைக் குழல்தான் குழாயை விரித்துப் பிடித்தபடி உள்ளேயே நிற்கும். பலூன் கிடக்காது. ஒரு நிமிஷம் ஊதி, சுருக்கி, வந்த வழியே மணிக்கட்டு வழியாக வெளியே எடுத்துவிட்டார்கள். நெஞ்சுக்குள் இப்போது புதிதாக ஒன்றுமில்லை.

முதலில் சுண்ணாம்புக் கதையைச் சொல்லிவிடுகிறேன். "ரத்தக்குழாயில் கால்சியம் கட்டியிருக்கு" என்று டாக்டர் சொன்னதுதான் தாமதம், மறுநாள் காலையில் என் வெற்றிலைப் பெட்டியில் சுண்ணாம்பு டப்பாவைக் காணோம். எல்லாம் உன் தங்கச்சி வேலை. பாலையும் நிறுத்தப் பார்த்தாள். நான் டாக்டரிடமே கேட்டேன், அவர் சிரித்துவிட்டார். வெற்றிலைச் சுண்ணாம்பு நேரே போய்க் குழாயில் ஒட்டுவதில்லையாம். கொழுப்பு படிந்து புண்பட்ட சுவரில் உடம்பே கொஞ்சம் கொஞ்சமாக, எலும்பு கட்டுகிற மாதிரி, கால்சியத்தைச் சேர்க்கிறதாம். வயசு, சுகர், சிறுநீரகக் கோளாறு, புகை எல்லாம் அதற்குத் துணை. சிறுநீரகம் ஒன்றைத் தவிர மற்ற மூன்றும் என்னிடம் உண்டு. பீடியை விட்டுப் பதினோரு வருஷம் ஆனாலும் பழைய கணக்கு தீரவில்லை போல.

முதலில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன், பெயர் வேண்டாம். ஆஞ்சியோ பார்த்துவிட்டு அப்போதே சாதாரண பலூனை விட்டு ஊதினார்கள். இரண்டு பக்கமும் புடைத்தது, நடுவில் மட்டும் இடுப்பில் கயிறு கட்டிய சாக்கு மாதிரி இறுகியே நின்றது. திரையில் நானே பார்த்தேன். அழுத்தத்தைக் கூட்டியும் அசையவில்லை. நிறுத்திவிட்டு வார்டுக்கு அனுப்பினார்கள். நிறுத்தியது சரிதான். ஆனால் ஏன் விரியவில்லை என்று இரண்டு நாளாக ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பில் மட்டும் நேரத்துக்கு வந்தது.

இரண்டாவது இடத்து டாக்டர் பேசுகிற மனுஷன். குழாய்க்குள் ஒளியைச் செலுத்திப் படம் எடுத்தார். கால்சியம் பாதி வட்டத்துக்கு மேல் சூழ்ந்து, அரை மில்லிமீட்டருக்கு மேல் தடித்து, ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் நீண்டிருந்தால் ஸ்டென்ட் முழுசாக விரிவது கஷ்டம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். எனக்கு மூன்றும் தாண்டியிருந்தது. அதை உடைக்காமல் ஸ்டென்ட்டைத் திணித்தால், அது பாதி விரிந்தபடி ஆயுசுக்கும் அங்கேயே நிற்கும். ரத்தம் உறைய வாகான இடம். மருந்து பூசிய பலூனுக்கும் அதே தடை. கால்சியப் பாறையைத் தாண்டி மருந்து சுவருக்குள் சரியாக இறங்காது.

உடைக்க இரண்டு வழி. ஒன்று, வைரத்தூள் பதித்த சின்னக் குமிழ். நிமிஷத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்று சுற்றி உள்பக்கத்தைச் சுரண்டும். இன்னொன்று உனக்கே தெரிந்த வைத்தியம்தான். உன் சிறுநீரகக் கல்லை வெளியிலிருந்து அதிர்வு அலை கொடுத்துத் தூளாக்கினார்களே, அதே சங்கதியைப் பலூனுக்குள் அடக்கியிருக்கிறார்கள். பலூனை லேசாக ஊதி வைத்துக்கொண்டு விநாடிக்கு ஒரு அதிர்வு, பத்து முடிந்ததும் நிறுத்தி ரத்தத்தை ஓடவிட்டு, மறுபடி பத்து. மெத்தென்ற சதைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, கல் மட்டும் விரிசல் விடும். எனக்கு இதைத்தான் செய்தார்கள். அந்த பலூன் ஒன்றின் விலை ஸ்டென்ட்டைப்போலப் பல மடங்கு. மகளும் மருமகனும் பாதியைப் போட்டார்கள், அது தனிக் கடிதம்.

விரிசல் விட்டபிறகு சாதாரண பலூன் வைத்து ஊதினால், முன்னே முறைத்துக்கொண்டு நின்ற இடம் விரிந்து கொடுத்தது. மிச்ச அடைப்பு முப்பது சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், சுவர் மோசமாகக் கிழிந்திருக்கக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால்தான் மருந்து பலூன். அதன்மேல் பாக்லிடாக்சல் என்ற மருந்தைப் பூசியிருக்கிறார்கள். புற்றுநோய்க்குக் கொடுக்கிற மருந்துதான், சுவரில் சதை வளர்ந்து மறுபடி அடைக்காமல் தடுக்கும். ரத்தத்தில் நனைந்தால் கரைந்து போகும் என்பதால் உள்ளே விட்டதிலிருந்து டாக்டர் கை பரபரத்தது. ஊதிய அந்த ஒரு நிமிஷமும் நெஞ்சில் அம்மிக்கல்லை வைத்தமாதிரி இருந்தது. முழித்துக்கொண்டுதானே கிடக்கிறோம், நர்ஸ் அம்மா எண்ணிக்கொண்டே இருந்தார்.

சரி, ஸ்டென்ட்டே வைத்திருக்கலாமே என்கிறாய். மருமகன் ஒரு ஆய்வைப் படித்துக் காட்டினார். 2024இல் சீனாவில் 2,272 பேர், முன்பு வைத்தியம் பார்க்காத இடத்தில் வந்த, சிக்கலில்லாத அடைப்புகள். இரண்டு வருஷத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களில் நூற்றுக்கு 3.4 பேருக்குப் பிரச்சினை, மருந்து பலூன்காரர்களில் 6.4 பேருக்கு. எனக்கு வயிற்றைக் கலக்கியது. டாக்டரிடமே அதை நீட்டினேன். அவர் மறுக்கவில்லை. பெரிய குழாயாக இருந்தால் உங்களுக்கும் ஸ்டென்ட்தான் வைத்திருப்பேன் என்றார். என்னுடையது இரண்டரை மில்லிமீட்டர் கிளைக்குழாய். மூன்று மில்லிமீட்டருக்குக் கீழான குழாய்களில் 758 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2018இல் வந்தது, அதில் இரண்டும் சமம். அப்புறம் என் வயிற்றுப்புண். ஸ்டென்ட் வைத்தால் ரத்தம் உறையாமலிருக்க இரட்டை மாத்திரையை வழக்கமாக ஆறு மாதமோ ஒரு வருஷமோ விழுங்க வேண்டும். போன தடவை ஆஸ்பிரினிலேயே கறுப்பாக வெளிக்குப் போனது உனக்குத் தெரியும். மருந்து பலூனுக்கு ஒரு மாதம் இரண்டும், பிறகு ஒன்று மட்டும். எனக்கு அந்தக் கணக்கு சரியாகப் பட்டது. உனக்கு நாளைக்கு ஏதாவது என்றால் நீயும் பலூன்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காதே. உன் குழாய் எந்த அளவு, எவ்வளவு கால்சியம் என்று படத்தைக் காட்டச் சொல்லிக் கேள்.

காலையில் வைகைக் கரையோரம் அரைமணி நேரம் நடக்கிறேன், மூச்சு வாங்கவில்லை. மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.

கோயம்புத்தூரிலிருந்து ரயிலில் வருவதென்றால் சோழவந்தானில் இறங்கி ஒரு கவுளி வெற்றிலை வாங்கிக்கொண்டு வா. சுண்ணாம்பு டப்பாவை உன் தங்கச்சியிடமிருந்து மீட்டுத் தருவது உன் பொறுப்பு. டாக்டர் சொன்னதை அவள் நம்பவில்லை, அண்ணன் சொன்னால் கேட்பாள்.

இப்படிக்கு,
சோணைமுத்து