புகைபோக்கியைத் தெருவில் நின்று பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடுகளில் குளிருக்காக எரிக்கப்படும் விறகுக் கணப்புகளின் புகையைக் குறைப்பது பற்றி மக்களிடம் கருத்துக் கேட்கும்போது, "உங்கள் கணப்பு புகைகிறதா?" என்று கேட்டால் பெரும்பாலோர் "இல்லை" என்றுதான் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்வதாக நான் கருதவில்லை. கணப்பின் முன் அமர்ந்திருப்பவருக்குக் கண்ணாடிக்குப் பின்னால் தெரியும் தழல் மட்டுமே கண்ணில் படுகிறது. கூரைக்கு மேல் என்ன வெளியேறுகிறது என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர்தான் பார்க்கிறார், சுவாசிப்பவரும் அவரே. பல ஆண்டுகள் விறகுக் கணப்பு வைத்திருந்த நானே, என் வீட்டுப் புகையை முதன்முதலில் பார்த்தது ஓர் இரவு வெளியே போய்விட்டுத் தாமதமாகத் திரும்பியபோதுதான் என்பதைச் சற்று வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

அன்று நான் செய்திருந்தது பலரும் செய்வதுதான். விடியும்வரை கனன்றுகொண்டிருக்கட்டும் என்று பெரிய கட்டைகளை உள்ளே அடுக்கி, காற்று நுழையும் திறப்பை ஏறத்தாழ முழுவதும் மூடிவிட்டுப் போயிருந்தேன். போதிய காற்றில்லாத விறகு எரிவதில்லை, புழுங்குகிறது. சூட்டினால் அதிலிருந்து பிரியும் வாயுக்களும் தாரும் தீப்பற்றாமலேயே புகைபோக்கி வழியே போய்விடுகின்றன. கண்ணுக்குத் தெரியும் புகையில் பெரும்பகுதி இப்படி எரியாமல் வீணாகும் எரிபொருள்தான். அதில் ஒரு பங்கு புகைபோக்கியின் உட்சுவரில் பிசினாகப் படிந்து, பின்னொரு நாள் அதுவே தீப்பிடிக்கவும் காரணமாகிறது. விறகு பச்சையாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி நீராகவே இருக்கக்கூடும்; தீயின் வெப்பம் அந்த நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். இங்கிலாந்தில் 2021 மே முதல், 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கப்படும் விறகின் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. விற்பவரைக் கட்டுப்படுத்தும் இந்த வழி, வாங்குபவருக்கு அறிவுரைத் தாள் விநியோகிப்பதைவிடப் பயனுள்ளது என்பது என் கருத்து.

"புதிய கணப்பு வாங்கினால் போதுமே" என்ற வாதமும் அடிக்கடி எழுகிறது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பின்பற்றப்படும் தரநிலை, ஒரு கிலோ விறகுக்கு 1.5 கிராமுக்கு மேல் துகள் வெளியேறக் கூடாது என்கிறது. கேட்பதற்கு மிகச் சிறிய அளவுதான். ஆனால் ஓர் இரவில் 10 கிலோ விறகு எரிந்தால் 15 கிராம் துகள் வெளியேறும். நுண்துகள்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த 24 மணி நேர வரம்பு, கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். அந்த 15 கிராம் துகள், 10 லட்சம் கன மீட்டர் தூய காற்றை இந்த வரம்பு வரை நிரப்பப் போதுமானது. இதுவும் காய்ந்த விறகை முறைப்படி எரிக்கும் சோதனைக்கூடக் கணக்குதான். காற்றுத் திறப்பை மூடிவிட்டுத் தூங்கப் போகும் என்னைப் போன்றவர்களின் கணக்கு வேறு. அதோடு, காற்றசைவற்ற குளிர் இரவுகளில் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றின் மேல் வெப்பமான காற்று மூடிபோல் அமர்ந்துகொள்வதால், புகை மேலே கலைந்து போக வழியின்றித் தெருவிலேயே தங்கிவிடுகிறது. கணப்புகள் மிக அதிகமாக எரிவதும் அதே இரவுகளில்தான். முடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத இத்துகள்களைச் சாத்திய கதவும் சன்னலும் முழுமையாகத் தடுப்பதில்லை. நுரையீரலின் அடிவரை சென்று ஆஸ்துமாவையும் இதய நோயையும் தீவிரப்படுத்துகின்றன.

மாற்றம் சாத்தியமா என்று கேட்பவர்கள் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலத்திலுள்ள லான்செஸ்டன் நகரைப் பார்க்க வேண்டும். பள்ளத்தாக்கில் அமைந்த அந்த ஊரில் 2001இல் தொடங்கி, கணப்பை மாற்றிக்கொள்ள அரசே பணம் கொடுத்து, விழிப்புணர்வுப் பிரசாரமும் செய்தது. 66 சதவீத வீடுகளில் இருந்த விறகுக் கணப்பு 30 சதவீத வீடுகளாகக் குறைந்தது. குளிர்காலக் காற்றில் துகள்களின் சராசரி கன மீட்டருக்கு 44 மைக்ரோகிராமிலிருந்து 27 ஆக இறங்கியது. குளிர்காலத்தில் இதய, சுவாச நோய்களால் நேரும் மரணங்களும் குறைந்ததாக 2013இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அங்கே தடை விதித்து இதைச் சாதிக்கவில்லை, பணம் கொடுத்துச் சாதித்தார்கள் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

ஏனென்றால், கணப்பை விடமாட்டேன் என்பவர்கள் எல்லோரும் பிடிவாதக்காரர்கள் அல்லர். சொந்த நிலத்து விறகைச் செலவின்றி எரிப்பவர், மின்கட்டணத்துக்கு அஞ்சுபவர், மின்தடையில் குளிரில் மாட்டிக்கொள்வோமே என்று தயங்குபவர், வாடகை வீட்டில் வேறு வழியின்றி இருப்பவர் ஆகியோரின் கவலைகள் நியாயமானவை. ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு ஏறத்தாழ மூன்று யூனிட் வெப்பம் தரும் ஹீட் பம்ப் (வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை வீட்டுக்குள் கொண்டுவரும் மின்கருவி) இருப்பது உண்மை. அதை வாங்கும் முதல் செலவு யாருடையது என்பதற்கு விடை சொல்லாமல் இவர்களிடம் ஆரோக்கியம் பேசுவது சரியாகாது. வாடகை வீடென்றால் அந்தச் செலவு உரிமையாளருடையது என்று விதியே இருக்க வேண்டும். அக்கம்பக்கம் இல்லாத, பரந்த நிலத்தில் தனித்து நிற்கும் வீட்டையும் சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டையும் ஒரே விதியால் அளப்பதும் முறையன்று.

நெருக்கமான குடியிருப்புகளில் புதிய கணப்புகளுக்கு அனுமதி இனி வேண்டாம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ளதுபோல், வீடு கைமாறும்போது, புகை அளவுக்கான சான்று பெறாத பழைய கணப்பை அகற்றச் செய்யலாம். ஆஸ்திரேலியத் தலைநகர்ப் பகுதி 2045க்குள் விறகுக் கணப்புகளைப் படிப்படியாக விலக்க இலக்கு வைத்துள்ளது. இன்று பிறக்கும் குழந்தை பள்ளிப் படிப்பை முடிக்கும் காலம்வரை காத்திருப்பது என் கணக்கில் மிக நீண்ட அவகாசம்.

கருத்துக் கேட்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கணப்பு வைத்திருப்பவரிடம் மட்டும் கேட்காமல், அதே தெருவில் கணப்பு இல்லாதவர்களிடமும் கேளுங்கள். புகார் வந்த வீட்டைப் பகல் வேளையில் பார்த்துவிட்டுப் போகாமல், இரவு பத்து மணிக்கு மேல் தெருவில் நின்று பாருங்கள். தீ மூட்டி இருபது நிமிடம் கழிந்த பிறகும் புகைபோக்கியில் புகை தெரிந்தால், அந்த வீட்டின் கதவைத் தட்டி, அதன் உரிமையாளரையும் வெளியே அழைத்துக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் கணப்புக்காரர் ஒருவர்