'மலபார்' என்றால் மலையாளம் மட்டுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஐரோப்பியர் காலத்து ஆவணங்களைத் தமிழில் எடுத்துத் தரும் கட்டுரைகளில், 'மலபார்' என்று வரும் இடமெல்லாம் 'மலையாள' என்று மாற்றிவிடும் பழக்கம் பெருகியிருக்கிறது. நம் வரலாறு நம் கண்ணெதிரிலேயே கைமாறுவதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது.

1498இல் போர்ச்சுகீசியர் முதலில் வந்திறங்கியது 'மலபார்' எனப்பட்ட மேற்குக் கரையில். அந்தக் கரையின் பெயரையே மொழிக்கும் மக்களுக்கும் சூட்டினார்கள். கிழக்கே வந்த பிறகும் அதை விடவில்லை. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' நூலின் போர்ச்சுகீசியத் தலைப்பு, அதன் மொழியை 'மலவார் தமிழ்' என்கிறது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு, தாம் சேர்த்த தமிழ்ச் சுவடிகளின் பட்டியலுக்கு 'பிப்லியோதேக்கா மலபாரிகா' ('மலபார் நூலகம்') என்று பெயரிட்டார். திருக்குறள் இடம்பெற்ற பட்டியல் அது!

யாழ்ப்பாணத்தில் இச்சொல் நிலபுலன்களையே தீர்மானித்தது. 1707இல் டச்சுக்காரர்கள் தொகுத்த தேசவழமையை (யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டத்தை) ஆங்கிலேயர் 1806இல் சட்டமாக ஏற்றபோது, அது யாழ்ப்பாண மாகாணத்து 'மலபார்' குடிகளுக்கு உரியது என்று எழுதினார்கள். அங்கே அது தமிழரையே குறித்தது. சீதனம், முதுசம் (பரம்பரைச் சொத்து), அடமானம் எல்லாம் அந்தச் சட்டத்துக்குள் வருபவை. ஆகவே யார் 'மலபார் குடி' என்ற கேள்வி நீதிமன்றம் வரை போனது. இந்த இடத்தில் 'மலையாளிகள்' என்று எழுதினால் சட்டமே பொருளற்றுப்போகும். புதுச்சேரி, காரைக்காலிலிருந்து ரீயூனியன் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய நம்மவர்களின் சந்ததியாரும் இன்றுவரை 'மல்பார்' என்றே அழைக்கப்படுகிறார்கள்.

எல்லா இடத்திலும் 'தமிழ்' என்று போட்டுவிடலாம் என்றும் நான் சொல்லவில்லை. ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்த்துஸ் மலபாரிகுஸ்' கேரளத் தாவரங்களைப் பற்றியதுதான். உயிரியல் பெயர்களில் நிலைமை வேறு. மஞ்சள் மூக்கு ஆள்காட்டியின் அறிவியல் பெயரில் 'மலபாரிகுஸ்' இருக்கிறது. அந்தப் பறவையோ நம் வறண்ட பொட்டல்களிலும் தாராளமாகத் திரிகிறது. பெயரை வைத்து அதன் வாழிடத்தை முடிவு செய்ய முடியாது.

மொழிபெயர்ப்பாளர்கள் மூலத்தில் உள்ள 'மலபார்' என்ற சொல்லை அப்படியே வைத்து, ஆவணம் எழுதப்பட்ட ஊரையும் ஆண்டையும் பார்த்து, அடைப்புக்குறிக்குள் அதன் பொருளைத் தரவேண்டும். தங்கள் இதழ் இதை ஒரு நடைமுறையாகவே வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அன்புடன்,
வரலாற்று வாசகர் ஒருவர்,
மயிலாடுதுறை