வண்டி எப்படி நின்றது?

அன்பு ராசா,

நேற்று நீ போனில் அப்பாவிடம் டிராக்டரைப் பற்றிக் கேட்டதெல்லாம் அடுப்படியில் என் காதில் விழுந்தது. அவர் சொன்ன எதையும் செய்துவைக்காதே. இந்த வீட்டுப் புல்லை இருபத்திரண்டு வருடமாக வெட்டுகிறவள் நான். அவர் அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தது இரண்டே முறை. அதில் ஒரு முறை ஊருக்குப் போட்டோ அனுப்புவதற்காக. குறுக்கே பேசினால் மனிதருக்கு முகம் தொங்கிப்போகும் என்றுதான் எழுதுகிறேன்.

நீ வாங்கியிருப்பது நல்ல வண்டி. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் பழசு என்று பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தாராமே, சிரித்துவிட்டுப் போகட்டும். இன்று கடை வாசல்களில் வரிசையாக நிற்பவற்றில் பெரும்பாலானவை புல்லை மட்டும் வெட்டுவதற்கென்று செய்தவை. தகரத்தை மடித்த சட்டம், சின்னக் கியர்பெட்டி. உன்னுடையது தோட்ட டிராக்டர். மண்ணைக் கிளறவும் பனியைத் தள்ளவும் தாங்கும்படி கட்டிய இனம். இந்தியானா மாநிலத்துச் சவுத் பெண்டில் வீல் ஹார்ஸ் கம்பெனிக்காரர்கள் இப்படிச் சின்ன டிராக்டர்களைச் செய்துகொண்டிருந்தார்கள். 1960களின் தொடக்கத்தில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி கப் கேடட் என்ற தோட்ட டிராக்டரைக் கொண்டுவந்தது, 1963இல் ஜான் டியர் கம்பெனி 110 என்ற மாடலை விட்டது. எங்கள் தெருக்கோடிப் பெரியவர் அந்தக் காலத்து மஞ்சள் கப் கேடட்டில்தான் இன்னமும் பனி தள்ளுகிறார். ஆகவே வண்டியின் வயதைப் பார்த்துப் பயப்படாதே. உன்னிடம் வரும் முன்பு யார் கையில் இருந்தது, எத்தனை வருடம் கொட்டகையில் சும்மா கிடந்தது, அதுதான் கேள்வி.

இருபது நிமிடம் ஒழுங்காக ஓடுகிறது, பிறகு நின்றுவிடுகிறது, அரைமணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்புகிறது என்றாய். அதற்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் புதிதாக ஒன்றுக்கு ஆர்டர் வேறு கொடுத்துவிட்டாய். அப்பா சபாஷ் என்றார். எனக்குக் கரண்டியை எறியலாம்போல இருந்தது. வண்டி எப்படி நின்றது என்று இரண்டு பேரில் ஒருவருக்காவது கேட்கத் தோன்றவில்லையே.

புதுக்கோட்டையில் உன் தாத்தா கிணற்றடியில் ஐந்து குதிரைசக்தி ஆயில் எஞ்சின் வைத்திருந்தார். வரப்பில் நடந்து வரும்போதே நின்று காது கொடுப்பார். சத்தம் லேசாகிவிட்டதென்றால், பம்பு தண்ணீரை விட்டுவிட்டது, எஞ்சின் சும்மா சுற்றுகிறது என்று அர்த்தம். கிணற்றை எட்டிப் பார்க்கும் முன்பே குழாயின் அடியில் தண்ணீரைப் பிடித்துவைக்கும் ஃபுட் வால்வைச் சரிபார்க்க ஆள் அனுப்பிவிடுவார். அவர் ஸ்பேனரைத் தொட்டு நான் பார்த்ததே குறைவு.

உன் வண்டி திக்கித் திக்கி, ஏறி இறங்கி, மூச்சிரைத்து நின்றதா? அல்லது சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் பொசுக்கென்று நின்றதா? முதலாவது என்றால் பெட்ரோல் போய்ச் சேரவில்லை. இரண்டாவது என்றால் மின்சாரம் அறுபடுகிறது. இதைத் தெரிந்துகொள்ள ஒரு காசு செலவில்லை.

திக்கி நின்றிருந்தால் முதலில் பெட்ரோல் டேங்கின் மூடியைப் பார். மூடியில் காற்றுப்போக ஒரு பொடித் துளை உண்டு. அதில் தூசியும் எண்ணெயும் சேர்ந்து அடைத்துக்கொண்டால், பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோலை விடாமல் பிடித்துக்கொள்ளும். அரைமணி நேரத்தில் எப்படியோ காற்று கசிந்து உள்ளே போய்விடும், வண்டி கிளம்பிவிடும். நீ சொன்ன கணக்குக்கு அப்படியே பொருந்துகிறது, பார்த்தாயா? அடுத்த முறை நின்றதும் மூடியை மெல்லத் திருகு. 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் குற்றவாளி அகப்பட்டான். இழுக்கவில்லை என்றால், எஞ்சின் திக்கத் தொடங்கும்போதே, காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் சோக்கைப் பாதி இழுத்துப் பார். அதில் உயிர் வந்தால் பெட்ரோல் போதவில்லை என்பது உறுதி. அப்போது வடிகட்டி, ரப்பர் குழாய், கடைசியாகக் கார்புரேட்டர் என்ற வரிசையில் போ. அதற்கெல்லாம் முன்னால், விற்றவர் விட்டுப்போன பெட்ரோலை வடித்துக் கொட்டு. நீ கொட்டியிருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். இங்கே விற்பதில் பெரும்பாலும் பத்து சதவீதம்வரை எத்தனால் கலந்திருக்கும். அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வருடக்கணக்கில் கிடந்தால் வார்னிஷ் நாற்றம் அடிக்கும், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் பொடி ஜெட் துளையில் பிசின்போல் படியும்.

பொசுக்கென்று நின்றிருந்தால் சூடு ஆறுவதற்குள், அந்த நிமிடமே, ஸ்பார்க் டெஸ்டரை மாட்டிப் பொறி வருகிறதா என்று பார். பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் (சுருள்) பழசானால் சூடேறியதும் படுத்துவிடும், ஆறினால் எழுந்துகொள்ளும். ஆறிய பிறகு சோதித்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும், நீயும் ஏமாந்துபோவாய்.

எது எப்படி இருந்தாலும், எஞ்சினுக்கு மேலே இருக்கும் தகர உறையை ஒரு முறை கழற்று. இது காற்றில் ஆறும் எஞ்சின். சிலிண்டரைச் சுற்றியிருக்கும் செதில்களுக்கு நடுவே காற்று ஓடவேண்டும். நம் வண்டியில் அந்த உறையை முதல்முதலாகக் கழற்றியபோது உள்ளே எலிக்கூடு இருந்தது. காய்ந்த புல், மேப்பிள் விதை, சீட்டுக்குள்ளிருந்து பிய்த்தெடுத்த மஞ்சள் பஞ்சு, நடுவில் உன் நீலக் கம்பளித் தொப்பியின் நூல். செதில் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. பழைய பல்துலக்கியும் பென்சிலும் வைத்துக்கொண்டு ஒரு மதியம் முழுவதும் கிளறினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஏப்ரலிலும் உறையைக் கழற்றாமல் சாவியைத் தொட்டதில்லை.

இப்போது சீட் சுவிட்சுக்கு வருகிறேன். மேட்டில் ஏறிக் குலுங்கும்போதும் சில சமயம் நிற்கிறது என்றாய். அது இந்த இருபது நிமிடக் கதையோடு சேராது, தனி நோய். ஆள் எழுந்தால் எஞ்சினை அணைக்கும் சுவிட்ச் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், செருகியில் பச்சை பூத்திருக்கலாம். எஞ்சினை அணைத்துவிட்டு, செருகியைக் கழற்றி, மல்டிமீட்டரை வைத்து, சீட்டை அமுக்கியும் விட்டும் பார்த்தால் தெரிந்துவிடும். சுவிட்சின் விலையும் அதிகமில்லை. ஆனால் யாரோ உன்னிடம் அந்தச் செருகியில் ஒரு காகிதக் கிளிப்பைச் செருகினால் போதும், ஆள் எப்போதும் உட்கார்ந்திருப்பதுபோல் வண்டி நினைத்துக்கொள்ளும் என்றாராம். அப்பாவும் "செய்யலாமே" என்றார்.

நான் செய்தேன். நீ மூன்றாம் வகுப்பு படித்த வருடம், ஜூன் மாதம். சுவிட்ச் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள், புல்லோ முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. கிளிப்பைச் செருகிவிட்டு ஓட்டினேன். பூப்பாத்தி ஓரம் ஒரு கிளை விழுந்து கிடந்தது. கத்தியை நிறுத்தாமலே இறங்கி அதை இழுத்தேன். கிளையின் வால் பட்டுப் பாத்தி ஓரத்து உருண்டைக் கல் ஒன்று புரண்டு, கத்தியை மூடியிருக்கும் டெக்கின் அடியில் போயிற்று. 'டங்' என்று ஒரு சத்தம். கராஜ் கதவில் உள்ளங்கை அகலத்துக்குக் குழி. கதவுக்கு இரண்டடி தள்ளி நீ குனிந்து சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாய். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஆமாம், அந்தக் குழிதான். உன் கூடைப்பந்து பட்டதல்ல. சாயங்காலம் அப்பா வந்து கத்தியபோது நீ அழுதாய், நான் சோறு வடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். இரண்டு வாரம் பந்தை எடுத்துப் பீரோவில் பூட்டினார். கிளிப்பை அன்று இரவே பிடுங்கி எறிந்தேன், ஆனால் இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

உன் வீட்டிலும் இப்போது நாலு வயதுக் குட்டி ஒன்று வண்டிச் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடி வருகிறது. அவள் வீட்டுக்குள் இருக்கிறாள் என்று தெரிந்த பிறகு கத்தியைச் சுற்றவிடு. பின்னால் எடுக்கும்போது கழுத்தைத் திருப்பிப் பார். புது வண்டிகள் சிலவற்றில் பின்னால் போனால் தானாக அணையும் அமைப்பு உண்டு. உன்னுடையதில் அது இருக்காது. சரிவில் குறுக்கே ஓட்டாதே, மேலும் கீழுமாகப் போ.

கத்தியைத் தீட்டினால் போதும் என்று அப்பா சொன்னது மட்டும் பாதி சரி. தீட்ட வேண்டும், ஆனால் தீட்டிய பிறகு நடுத்துளையைச் சுவரில் அடித்த ஆணியில் மாட்டிப் பார்க்கவேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் அராவு. சமன் தப்பிய கத்தி பேரிங்கைத் தின்றுவிடும். கழற்றும் முன் ஸ்பார்க் பிளக் வயரைப் பிடுங்கிவிடு, இதில் சோம்பல் கூடாது. புல் ஒரு பக்கம் உயரமாகவும் ஒரு பக்கம் மொட்டையாகவும் வருகிறது என்றாயே, டெக்கில் கை வைக்கும் முன் நான்கு டயரிலும் காற்றைப் பார். பத்துக்கு ஒன்பது முறை அதுதான். எண்ணெய் அளவை ஓட்டும் முன் ஒவ்வொரு முறையும் பார். கார்புரேட்டரைத் திருப்பி அனுப்பிவிடு.

மே கடைசி வாரம் வருகிறோம். கத்தி சுற்றும் அச்சுகளான ஸ்பிண்டில்களுக்கு என் கிரீஸ் கன்னை எடுத்துவருகிறேன், நீ வேறு வாங்காதே. அதற்குள் ஒரு முறை நிற்கும்வரை ஓட்டிப் பார்த்து, எப்படி நின்றது என்று எனக்குச் சொல்; என் போனுக்கு அடி. மல்டிமீட்டர் இல்லையென்றால் கவலைப்படாதே. அப்பாவின் மேசை இழுப்பறையில் ஒன்று, உறைகூடப் பிரிக்காமல் பத்து வருடமாக இருக்கிறது.

அம்மா