இலங்கையோடு ஒப்பிட வேண்டியது இந்தியாவையா, தமிழ்நாட்டையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தியா, இலங்கை ஆகிய இரு நாடுகளின் வாழ்க்கைத் தரத்தை ஒப்பிட்டுத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் 2025இல் வெளியிட்ட மனித மேம்பாட்டு அறிக்கையில், 193 நாடுகளுள் இலங்கை 89ஆம் இடத்திலும் இந்தியா 130ஆம் இடத்திலும் இருப்பதை எடுத்துக்காட்டி, கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்த நாடு நமக்கு மேலே நிற்பது எப்படி என்று கட்டுரையாளர் வியந்திருந்தார்.

வியக்க இதில் அதிகமில்லை. அந்தக் குறியீடு சராசரி ஆயுள், பள்ளிப் படிப்பின் ஆண்டுகள், தலைக்கு வருமானம் ஆகிய மூன்றை மட்டுமே பார்க்கிறது. முதல் இரண்டும் இலங்கைக்கு நேற்று வந்தவை அல்ல. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவை முன்மாதிரியாகக் கொண்டு ஊர் ஊராக மருத்துவ மாதர்களை (பேறுகாலம் பார்க்கும் செவிலியரை) நியமித்ததும், கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்ததும் அந்த நாடு சேர்த்து வைத்த மூலதனம். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தருவதை நிறுத்தியபோது கையிருப்பு டாலர்தான் தீர்ந்தது, இந்த மூலதனம் தீரவில்லை. ஆனால் அதே காரணத்தால், மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் மக்கள் நாள் கணக்கில் வரிசையில் நின்ற அந்த 2022ஆம் ஆண்டிலும் இலங்கையின் குறியீடு, முழு அளவான ஒன்றுக்கு 0.780 என்றே இருந்தது; மக்கள் பட்ட துன்பம் அதில் தெரியவில்லை. அந்த மே மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து கொழும்புக்கு அரிசியும் பால்மாவும் மருந்தும் ஏற்றிக்கொண்டு தமிழக அரசின் நிவாரணக் கப்பல் கிளம்பியதை, துறைமுகத்தை நம்பிப் பிழைத்த என்னைப் போன்றவர்கள் மறந்திருக்க மாட்டோம்.

சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். என் மனைவி, இலங்கைத் தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி சிறுமியாக இங்கு வந்து சேர்ந்தவர். அவருடைய பெரியப்பா குடும்பம் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலேயே தங்கிவிட்டது. 2023இல் ஒரு திருமணத்துக்காக அங்கு போயிருந்தபோது, ஒரே அறையும் அதன் முன்னால் ஒரு தாழ்வாரமுமாக இருந்த, தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றான லயன் காம்பிராவில் ஆறு பேர் இருந்தார்கள். தகரக் கூரையில் ஒழுகிய இடத்தில் பிளாஸ்டிக் தாளைச் செருகி, அதன்மேல் கல் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு மூத்த மருமகள், டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். குழந்தை பிறந்தது முதல் அதன் எடையும் போட்ட தடுப்பூசிகளும் மாதவாரியாக அதில் எழுதப்பட்டிருந்தன. விலைவாசி தலைக்குமேல் ஏறிய மாதங்களில்கூட ஓர் இடமும் காலியாக இல்லை. மேடும் பள்ளமுமான அந்தத் தோட்டத்துப் பாதையில் மருத்துவ மாது நடந்தே வந்து போகிறாராம். கழிவறையோ நான்கு வீட்டுக்கு ஒன்று. இவற்றுள் அட்டைக்குக் கிடைக்கும் மதிப்பெண் குறியீட்டில் ஏறிவிடுகிறது, கழிவறைக்கு அதில் இடமே இல்லை. 2009 வரை கால் நூற்றாண்டுக்கு மேல் வடக்கிலும் கிழக்கிலும் நம் மக்கள் பட்ட பாட்டையும் அந்த ஒற்றை எண்ணில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

நாட்டோடு நாட்டை ஒப்பிடுவதிலேயே ஒரு பிசகு இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இலங்கையின் மக்கள்தொகை ஏறத்தாழ 2.18 கோடி; தமிழ்நாட்டில் 2011இலேயே 7.21 கோடிப் பேர் இருந்தோம். அந்தத் தீவுக்கு எதிரே பீகாரையும் கேரளத்தையும் சேர்த்துக் கலந்த ஒரு சராசரியை வைப்பதைவிடத் தமிழ்நாட்டை வைப்பதே முறை. இந்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, 2020இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் ஒரு வயதுக்குள் இறந்தவை இந்திய அளவில் 28, தமிழ்நாட்டில் 13. இலங்கையில் இது ஒற்றை இலக்கம். இப்படி வைத்தால் இடைவெளி பாதிக்கு மேல் குறைகிறது. மிச்சமுள்ள இடைவெளியையும் மூடுவது எப்படி என்று நம் சுகாதாரத் துறையைக் கேட்கவும் முடிகிறது.

மாநிலத்தோடு நிறுத்திக்கொள்வதும் போதாது. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு மாவட்டவாரியாக விவரம் தருகிறது. அதில் சென்னை ஒரே மாவட்டம், அடையாறும் கொடுங்கையூரும் ஒரே எண்ணுக்குள் அடக்கம். வடசென்னையில் நான் வசிக்கும் எர்ணாவூரில் காற்று வடக்கிலிருந்து அடிக்கும் நாளில், மொட்டை மாடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டியை எடுத்து உதறினால் சாம்பல் நிறத்தில் தூள் பறக்கிறது. சென்னையின் சராசரி வருமானம் உயர்ந்த செய்தியை நான் படிக்கும் அதே காலையில் என் மனைவி அந்த வேட்டியை இரண்டாம் முறை அலசிக்கொண்டிருப்பார்.

ஆகவே தங்கள் இதழுக்கு ஒரு வேண்டுகோள். இதே கட்டுரையாளரைக் கொண்டே இன்னொரு ஒப்பீட்டை வெளியிடுங்கள். கொழும்பின் துறைமுகப் பகுதியான கொட்டாஞ்சேனையையும் எங்கள் ராயபுரத்தையும், நுவரெலியாவின் லயங்களையும் எண்ணூரின் மீனவர் குப்பங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குடிநீர், காற்று, கழிவறை, ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு நடக்கும் தூரம் ஆகியவற்றை அவர் எழுதட்டும். எர்ணாவூர்ப் பக்கம் விசாரிக்க வருவதாக இருந்தால், தெருத் தெருவாக அழைத்துப்போகக் காத்திருக்கிறேன். கன்டெய்னர் லாரிகள் சாலையை அடைப்பதற்கு முன், காலை ஆறு மணிக்கே வந்துவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
எர்ணாவூர், சென்னை – 57