செயலாளர் ஆண்டறிக்கை: மருத்துவமனையில் நடந்த நல்லவை

தலைவர் அவர்களே, செயலவையினரே, நம் பார்வையற்றோர் சங்க உறுப்பினர்களே, வணக்கம்.

கூட்டக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். செயலவை மாதம் ஒருமுறை கூடியது. தீபாவளி மாதத்தில் மட்டும் ஆள் சேரவில்லை. அக்டோபர் 15, வெள்ளைப் பிரம்பு தினத்தன்று கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நடைப்பயணம் வைத்தோம். நல்ல மழை. அப்படியும் நடந்தோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு நாம் அதிகம் பேசியது மருத்துவமனையைப் பற்றித்தான். முதல் கூட்டத்தில் குறைகளே கொட்டின. ஒரு கிளினிக்கில் டாக்டர் தன்னை விட்டுவிட்டு மனைவியிடம், "இவருக்கு எங்கே வலிக்குது?" என்று கேட்டதை ஓர் அண்ணன் சொன்னார். "எனக்குக் கண்தான் தெரியாது, வாய் இருக்கே" என்றார். சிரித்து ஓய்ந்ததும், "நல்லது ஒன்றுகூடவா நடக்கவில்லை?" என்று தலைவர் கேட்டார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒவ்வொன்றாக வந்தன.

என்னுடையதையே சொல்கிறேன். பித்தப்பைக் கல்லுக்காக அரசாங்க மருத்துவமனையில் படுத்திருந்தேன். அந்த வார்டு மிஸ்ஸி, அதாவது தாதி, மலாய்ப் பெண், கட்டிலருகே வந்ததும் முதலில் தன் பெயரைச் சொல்வார். பிறகுதான் தொடுவார். ஊசி எந்தக் கையில், எப்போது என்று சொல்லிவிட்டுத்தான் குத்துவார். புறப்படும்போது "நான் போகிறேன் அண்ணே" என்பார். இந்தக் கடைசி வார்த்தை எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்வையுள்ளவர்களுக்குப் புரியாது. ஆள் போனது தெரியாமல் காற்றோடு பேசிக்கொண்டிருந்த அனுபவம் நம் எல்லாருக்கும் உண்டு. அறுவைக்கு முன் ஒப்புதல் பாரத்தை டாக்டர் முழுவதும் வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போடும் இடத்தில் ஓர் அட்டையின் விளிம்பை வைத்து என் விரலை அதில் பதித்தார். நேராகவே போட்டேன்.

சாப்பாட்டுத் தட்டைக் கடிகாரமாக நினைத்துச் சொல்லும் முறை தெரியுமல்லவா? 12 மணியில் சோறு, 3 மணியில் கோழி. ஒரு மிஸ்ஸி நம் அக்கா ஒருவருக்கு அப்படிச் சொல்லியிருக்கிறார். அக்கா பிறவியிலேயே பார்வையற்றவர், பள்ளிக்கும் போனதில்லை. "3 மணி எங்கேம்மா இருக்கு?" என்று கேட்டாராம். அந்தப் பெண் கூச்சப்படாமல், அக்காவின் சம்மதம் கேட்டு, கையைப் பிடித்துத் தட்டைச் சுற்றிக் காட்டினாராம். முறை தெரிந்திருப்பதைவிட, உதவாத இடத்தில் அதைக் கைவிடத் தெரிந்திருப்பது மேல் என்பது என் கருத்து. தலைவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை.

மருந்து விஷயம் தனி. கண் சொட்டு மருந்துப் புட்டிகள் தடவிப் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு மருந்தகப் பணியாளர் காலை மருந்துக்கு ஒரு ரப்பர் பேண்ட், இரவு மருந்துக்கு இரண்டு என்று போட்டுக் கொடுத்தார். செலவு சில காசுதான். இனிப்புநீரால் (நீரிழிவு) அண்மையில் பார்வை போனவர்களுக்கு, பிரெய்ல் புள்ளி எழுத்தைக் கற்கும்வரை இது போதும்.

வழிகாட்டுகிறவர் நம் கையைப் பிடித்து இழுக்காமல் தன் முழங்கையை நீட்டவேண்டும், நாம் அதைப் பிடித்துக்கொண்டு சற்றுப் பின்னால் நடப்போம். இதை ஒரு வார்டில் செயலவையினர் செய்து காட்டினோம். ட்ராலி தள்ளுகிற தம்பிகள்தாம் மற்றவர்களைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டார்கள்.

ஓ.கே.யூ. அட்டை, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை, எடுக்காதவர்கள் இன்னும் இருக்கிறீர்கள். சமூகநல இலாகாவில் பதிந்துகொள்ளுங்கள். அட்டையைக் காட்டினால் அரசாங்க மருத்துவமனையில் வெளிநோயாளிக் கட்டணமும் மூன்றாம் வகுப்பு வார்டுக் கட்டணமும் இல்லை. மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்திலும் மற்றவர்களுக்குச் சமமான சுகாதார உரிமை நமக்கு உண்டு. அதைக் கேட்க வெட்கப்படவேண்டாம்.

ரப்பர் பேண்ட் பொட்டலம் வாசல் மேசையில் இருக்கிறது, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். அந்த மிஸ்ஸிகள் இருவருக்கும் மருந்தகப் பணியாளருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றிக் கடிதம் அனுப்ப இன்று அனுமதி கேட்கிறேன். அறிக்கையை யாராவது முன்மொழியுங்கள். சீக்கிரம் முடித்தால் வடை சூடாக இருக்கும்.